மார்கழியில் வியர்த்தது!

மார்கழி மாதம், விடியற்காலை மூன்று மணி இருக்கும். வெளியே நல்ல பனி. கோவில் ஒலிபெருக்கி கூட இன்னும் ஆரம்பிக்கவில்லை. என் கணவர் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார். நானோ ஃபேனை ஐந்தாம் நம்பரில் சுழலவிட்டு, அதற்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக் கொண்டிருக்கிறேன்.

"ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? எனக்குப் பல்லு கிட்டுது!" என்றார் போர்வைக்குள்ளிருந்து.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எட்டு மாதமாக மூடி மறைத்து வந்த விஷயம் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

எனக்கு அப்போது வயது 46. நாங்கள் இருப்பது மதுரையில். கீழ் வீட்டில் நாங்களும் மாமியாரும். மாடியில் கொழுந்தனார், ஓரகத்தி, அவர்கள் குழந்தைகள் இரண்டு பேர். அடுப்பு இரண்டானாலும் குழம்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நான் பத்தாவது வரை படித்தவள். வைத்தியமெல்லாம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் பட்டதையும், அதைவிட முக்கியமாக நான் செய்த ஒரு தவறையும் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு இது ஆரம்பித்தது 2024 சித்திரையில். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம். மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? எல்லோருக்கும்தான் வியர்த்தது. நானும் வெயில் என்றே நினைத்தேன். ஆனால் ஆடிக் காற்று வந்தது, ஐப்பசி மழையும் வந்து போனது; என் வியர்வை மட்டும் போகவில்லை.

தூங்கிக் கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் யாரோ அடுப்பை மூட்டினாற்போல் ஒரு சூடு கிளம்பும். அது கழுத்து, முகம், காது என்று ஏறும். இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிஷத்தில் தலை முதல் இடுப்பு வரை குளித்தாற்போல் நனைந்துவிடும். சரி, அடங்கியது என்று படுத்தால் ஈரத் துணியோடு உடம்பு வெடவெடவென்று குளிர ஆரம்பிக்கும். ஒரு ராத்திரிக்கு மூன்று முறை, நான்கு முறை. காலையில் எழுந்தால் கண்ணெல்லாம் எரிச்சல். சிடுசிடுவென்று எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். "அம்மாகிட்ட இப்ப பேசாதே" என்று என் பையன் அவன் அப்பாவிடம் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்கிறீர்களா? பயம்தான். நான் சிறு பெண்ணாக இருந்தபோது எங்கள் சித்தப்பா ஒருவர் டி.பி. வந்து இறந்துபோனார். "பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் வேர்த்து ஊத்துதே" என்று என் பாட்டி அழுததுதான் அந்த நோயைப் பற்றி எனக்கு இருக்கும் ஞாபகம். ராத்திரி வியர்வை என்றாலே என் மனதில் அந்த ஞாபகம்தான் முன்னே வந்து நிற்கும். டாக்டரிடம் போய் அவர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்திலேயே தலையணை உறையை யாருக்கும் தெரியாமல் துவைத்துக் காயப்போட்டு எட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

அன்றைக்கு மார்கழிக் குளிரில் மாட்டிக்கொண்டதும் என்னவர் விடவில்லை. "சித்திரையில வேர்த்தா வெயிலு. மார்கழியில வேர்த்தா என்ன? காலையில கெளம்பு" என்று லேடி டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார்.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன் கேள்வியாகக் கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? சாயங்காலத்தில் காய்ச்சல் அடிக்கிறதா? இருமல் உண்டா? உடம்பு இளைத்திருக்கிறதா? பசி எப்படி? கை நடுக்கம் உண்டா? கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறதா? வேறு எதற்காவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

எனக்கு ஒரு வருஷமாக மாதவிலக்கு தாறுமாறாகத்தான் இருந்தது. ஒரு தடவை இருபது நாளில் வரும். அப்புறம் இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. உடம்பு இளைத்திருந்தால்தான் சந்தோஷப்பட்டிருப்பேனே! ரத்த அழுத்தம் பார்த்தார். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சித்தப்பா கதையைச் சொன்னதும், "உங்க மனசு சமாதானத்துக்கும் சேர்த்து" என்று மார்பு எக்ஸ்ரே ஒன்றும் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"மாதவிடாய் நிக்கப்போற காலம் இது. நாப்பத்தஞ்சைத் தாண்டினவங்களுக்கு இந்த மாதிரி அறிகுறி இருந்தா ஹார்மோன் டெஸ்ட் கூடப் பெரும்பாலும் தேவையில்லை. உங்க வயசும், மாசக் கணக்கு தடம் புரண்டதுமே சொல்லுதே" என்றார்.

அவர் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் மூளையில் உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறதாம். ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட் இருக்கிறதே, அந்த மாதிரி. சாதாரணமாகச் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைய ஆரம்பித்ததும் அந்தப் பொறுமை போய்விடுகிறது. துளி சூடு ஏறினாலும் 'ஐயோ, கொதிக்கிறது' என்று தப்பாக நினைத்து, தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வியர்வையைக் கொட்டி உடம்பைக் குளிர வைக்கிறது. அதனால்தான் முதலில் சூடு, பிறகு வியர்வை, கடைசியில் குளிர். நான்கு பெண்களில் மூன்று பேர் வரைக்கும் இது வருமாம். சிலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் அடங்கும். சிலருக்கு ஏழெட்டு வருஷம்கூட நீளும். நம் நாட்டில் மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 45-லிருந்து 50-க்குள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு.

"இதுக்கு மருந்தே இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? ஹார்மோன் மருந்துதான் இதுக்கு ரொம்ப நல்லா கேக்கும். ஆனா அது எல்லாருக்கும் ஒத்துவராது. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சு கட்டினவங்க, ஈரல் கோளாறு இருக்கறவங்க, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கறவங்க - இவங்களுக்கெல்லாம் சாதாரணமாக் கொடுக்கறதில்லை. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கு. உங்களுக்கு எது வேணும்னு சேர்ந்து முடிவு பண்ணலாம். மூணு மாசம் பழக்கத்தை மாத்திப் பாருங்க. முடியலைன்னா வாங்க. பல்லைக் கடிச்சிட்டு இருக்காதீங்க" என்றார்.

கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை தடவை வியர்க்கிறது, அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், காய்ச்சல் உண்டா என்று எழுதி வரவேண்டும். வீட்டில் நோட்டுக்கா பஞ்சம்? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். முன்பக்கம் பால்காரர், பின்பக்கம் என் வியர்வை!

எழுதிப் பார்த்ததும்தான் சில விஷயம் புலப்பட்டது. ராத்திரி எட்டரை மணிக்கு மேல் காரக்குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிட்ட நாட்களில் நான்கு முறை. சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டாவது காபி குடித்த நாளில் தூக்கமும் போய், வியர்வையும் கூட. யாரோடாவது மனஸ்தாபம் வந்த நாளில் கேட்கவே வேண்டாம்.

அதனால் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்தேன். ராத்திரிக்கு இட்லி, மோர் சாதம் என்று காரம் இல்லாத உணவு. மதியத்துக்கு மேல் காபி கிடையாது. (முதல் வாரம் தலைவலி பொறுக்க முடியவில்லை, அப்புறம் பழகிவிட்டது.) நைலெக்ஸ் நைட்டிகளை எல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, பழைய சுங்குடிப் புடவை இரண்டைக் கிழித்துத் தளர்வான நைட்டியாகத் தைத்துக்கொண்டேன். ஒன்று உடம்பில், மாற்று ஒன்று தலைமாட்டில். தலையணை மேல் ஒரு துண்டு, படுக்கை மேல் ஒரு பழைய வேட்டி. நனைந்தால் விளக்குப் போடாமலே உருவிப் போட்டுவிட்டு வேறு விரித்துக்கொள்வேன். மெத்தையை விட்டுப் பாய்க்கு மாறினேன். கைக்கெட்டும் தூரத்தில் பானைத் தண்ணீர் ஒரு சொம்பு. சூடு கிளம்புகிறது என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, மெதுவாக மூச்சை இழுத்து மெதுவாக விடுவேன். காலையில் அரை மணி நேரம் நடை.

இதெல்லாம் மந்திரம் மாதிரி வேலை செய்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நான்கு முறை வந்தது ஒன்று அல்லது இரண்டு முறையாகக் குறைந்தது. அதைவிட, 'இது என்னவென்று தெரியும், இரண்டு நிமிஷத்தில் போய்விடும்' என்ற தைரியம் வந்ததே, அதுதான் எனக்குப் பெரிய மருந்து.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு நாள் என் மாமியார் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன புதுசா? எனக்கும்தான் இருந்துச்சு" என்றார். நான் ஆச்சரியத்துடன் பார்த்தேன். "ராத்திரி எந்திரிச்சு வந்து முத்தத்துக் கல்லுல வெறும் உடம்போட கெடப்பேன். அந்தக் கல்லு சில்லுன்னு இருக்கும். உங்க மாமாகிட்டகூடச் சொன்னதில்ல. வயசான காலத்துல இவளுக்கு என்ன கோவம்னு பேசுனாங்களே தவிர, ஏன்னு யாரும் கேக்கல" என்றார். கல்யாணமாகி வந்த புதிதில் அத்தையின் கோபத்தைக் கண்டு நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! அது இதுதானா என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். எங்களுக்குள் இருந்த ஏதோ ஒன்று அன்றைக்கு இளகிவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது என் ஓரகத்தி, "அக்கா, எனக்கும் உங்களை மாதிரியேதான். ராத்திரி தலகாணி நனைஞ்சு போகுது" என்றாள்.

நான்தான் இப்போது எல்லாம் தெரிந்தவளாயிற்றே! "அது ஒண்ணுமில்ல, ஹார்மோன் படுத்தற பாடு. சில பேருக்குச் சீக்கிரமே வந்திடும். ராத்திரி காரம் சேர்க்காதே, காபியைக் குறை, காட்டன் போட்டுக்கோ" என்று டாக்டரம்மா மாதிரியே சொன்னேன். ஒரு சுங்குடி நைட்டியும் தைத்துக் கொடுத்தேன். அவளும் நிம்மதியாகப் போனாள்.

அவளுக்கு வயது 39. அது என் மண்டையில் ஏறவில்லை. அவள் லொக்லொக்கென்று இருமுவது கீழே வரைக்கும் கேட்டது. மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்துக் கொண்டிருந்தாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே சொன்னேன். எனக்கு அந்த நோய் இல்லை என்று ஆனதும், அப்படி ஒரு நோயே உலகத்தில் இல்லை என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

பங்குனியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். புறப்படுகிற அவசரத்தில் அவள் கீழே வந்து, "அக்கா, ரவிக்கை தொளதொளன்னு இருக்கு, ரெண்டு ஊக்கு குடுங்க" என்றாள். பொங்கலுக்கு நான் தைத்துக் கொடுத்த ரவிக்கை அது! ஊக்கு குத்தினால் நன்றாக இருக்காது என்று, பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தேன். தைக்கும்போதே என் கை நின்றுவிட்டது. இரண்டரை மாதத்தில் இரண்டு அங்குலமா?

"உனக்கு மாசாமாசம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன்.

"டாண்ணு இருபத்தெட்டாம் நாள் வந்துடும் அக்கா. ஏன்?"

எனக்கு அடிவயிற்றில் பகீர் என்றது. டாக்டரம்மா என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான். நான் அவளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. "சாயங்காலம் உடம்பு கதகதன்னு இருக்கா?" என்றேன். "வேலை அலுப்புதானேக்கா" என்றாள். அன்று கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். 100.6. மறுநாள் சாயங்காலமும் அதே மாதிரி. பால் கணக்கு நோட்டில் என் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் அவள் கணக்கை எழுதினேன். என் பக்கத்தில் காய்ச்சல் என்ற கட்டம் முழுக்க 'இல்லை, இல்லை' என்று இருந்தது.

மூன்றாம் நாள் நானே அவளை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பக்கத்தில் ஒரு நிழல். சளியை எடுத்து மிஷினில் வைத்துப் பார்த்தார்கள். கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்திலேயே காட்டிவிடுகிறது. காசநோய்தான். நல்லவேளையாக, சாதாரண மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை.

அன்று பஸ்ஸில் வரும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். என் பேச்சை நம்பி ஆறு வாரம் வீணாகிவிட்டதே! அந்த ஆறு வாரமும் குழந்தைகள் அவள் பக்கத்தில்தானே படுத்துத் தூங்கின! "நீங்க நல்லதுக்குத்தானேக்கா சொன்னீங்க" என்று அவள் என்னைத் தேற்றினாள். அது இன்னும் வலித்தது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மாமியார் "எலும்புருக்கியா?" என்று குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய் தனியாக மாடிப்படியில் இருந்தன. அவருக்குத் தெரிந்த காலம் வேறு. அவருடைய பெரியண்ணனைத் தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தார்களாம்.

இந்தத் தட்டு, டம்ளர் பிரச்சினையைத் தீர்த்து வைத்தது, வீட்டுக்கு வந்த காசநோய்ப் பிரிவு சுகாதாரப் பணியாளர்தான். சின்ன வயசுப் பெண். "பாட்டி, இந்தக் கிருமி தட்டுல ஒட்டிக்கிட்டுப் பரவாது. இருமும்போது காத்துல வந்து, அடைச்ச ரூமுக்குள்ள மிதந்து பரவுது. ஜன்னலைத் திறந்து வைங்க, அதுதான் முக்கியம். முதல் சில வாரம் அக்கா மாஸ்க் போட்டுக்கிட்டுத் தனியாப் படுக்கட்டும். மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டா ரெண்டு மூணு வாரத்துல மத்தவங்களுக்குப் பரவறது ரொம்பக் குறைஞ்சிடும்" என்றாள்.

அவள் சொல்லித்தான் எனக்கே ஒரு விஷயம் தெரிந்தது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் உண்டு. வீட்டிலோ நெருக்கடியும் அரை வயிற்றுச் சாப்பாடும். ஆனாலும் வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவைப் பார்த்துத்தான் உலகமே நோயாளிகளை வீட்டில் வைத்துக் குணப்படுத்தப் பழகியதாம். "நம்ம ஊர்ல கண்டுபிடிச்சதை நாமளே நம்பலைன்னா எப்படி பாட்டி?" என்று அவள் கேட்டதும் அத்தை பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி அந்தத் தட்டும் டம்ளரும் அடுக்களைக்குள் திரும்பி வந்துவிட்டன.

ஆறு மாத மருந்து. முதல் 2 மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். எல்லாம் இலவசம். சத்துணவுக்காக மத்திய அரசு நோயாளியின் வங்கிக் கணக்கில் பணமும் போடுகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்த அந்த உதவி, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். மாத்திரை ஆரம்பித்த மறுநாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியும் அவள் வெலவெலத்துப் போய் என்னைக் கூப்பிட்டாள்! வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் நோய் இல்லை என்று உறுதியான பிறகு, மாடியில் கொழுந்தனாருக்கும் குழந்தைகளுக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

இரண்டாம் மாதத்திலேயே காய்ச்சலும் வியர்வையும் போய், பசி எடுக்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பலர் 'குணமாகிவிட்டதே' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களாம். அப்படி நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். அதனால் மாத்திரைக் கணக்கும் நம் பால் நோட்டில்தான். அவள் விழுங்கியதும் நான் ஒரு டிக் போடுவேன்.

சகோதரிகளே, என் ஓரகத்தியை வைத்து நான் கற்றுக்கொண்டது இதுதான். வியர்வை பார்ப்பதற்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வந்ததும் அவளுக்கு வந்ததும் ஒரே மாதிரி தலையணையைத்தான் நனைத்தன. ஆனால் காரணம் வேறு. அதனால் "எனக்கும் இப்படித்தான்" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லலாம். வைத்தியம் மட்டும் சொல்லாதீர்கள். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை உங்களுக்காக எழுதுகிறேன்.

1. நாற்பதுகளில், மாதவிலக்கு முன்னும் பின்னுமாகி, சூடு கிளம்பி வியர்த்துச் சில நிமிஷத்தில் அடங்கினால், பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் கால மாற்றம்தான். ஆனாலும் ஒரு முறை டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வருஷம் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால், துளியானாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

2. வியர்வையோடு சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காரணமில்லாமல் எடை குறைவது - இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்யுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டி தட்டுப்பட்டாலும் தள்ளிப் போடக் கூடாது.

3. நன்றாகப் பசித்துச் சாப்பிட்டும் இளைப்பது, கை நடுக்கம், படபடப்பு - தைராய்டு அதிகமாகச் சுரப்பதாலும் இருக்கலாம்.

4. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ராத்திரி திடீரென்று வியர்த்து, நடுங்கி, மனம் குழம்பினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு தெளிவாக இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. அவர் தலைமாட்டில் எப்போதும் ஒரு டப்பா சர்க்கரை வைத்திருக்கிறேன்.

5. இளம் தாய்மார்களுக்கு: பிரசவமான முதல் சில வாரம் ராத்திரி வியர்ப்பது சகஜம். ஹார்மோன் சட்டென்று இறங்குவதும், உடம்பில் சேர்ந்த நீர் வெளியேறுவதும்தான் காரணம். பச்சை உடம்பு என்று ஜன்னலை அடைத்துக் கம்பளியைச் சுற்ற வேண்டாம். நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஆனால் காய்ச்சல், குளிர், மார்பில் சிவந்து வலி, துர்நாற்றத்தோடு போக்கு - இவை இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

6. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் வியர்க்கலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

7. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை முறை, காய்ச்சல் எவ்வளவு, மாதவிலக்குத் தேதி, எடை. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நமக்குப் பாதி மறந்துவிடும், நோட்டு மறக்காது.

புரட்டாசிக் கடைசியில் அவளுடைய மாத்திரை முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2025 தீபாவளிக்கு முந்தின நாள் நான் முறுக்குச் சுற்றிக் கொண்டிருந்தேன். அவள் அதே ரவிக்கையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"அக்கா, இறுக்குது. பிடிச்சதைப் பிரிச்சு விடுங்க" என்றாள்.

முறுக்கு அச்சை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக்கு ஒரு அங்குலம். நான் போட்ட தையல், நானே பிரித்தேன். அன்று ராத்திரியும் எனக்கு ஒரு முறை வியர்த்தது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, நைட்டியை மாற்றிக்கொண்டு, திரும்பிப் படுத்து நிம்மதியாகத் தூங்கினேன்.